பெற்றோர் ஒப்புதல்: கதவடைப்பா, குடும்பக் கணக்கா, தனிச் செயலியா?

பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களின் தனியுரிமைக் கொள்கைகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தால், குழந்தைகளைப் பற்றிய பத்தி மட்டும் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும்: 13 வயது நிறையாதவர்களின் தகவல்களைப் பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் நாங்கள் தெரிந்தே திரட்டுவதில்லை. அந்த வாக்கியத்தின் பாரம் முழுவதையும் சுமப்பது 'தெரிந்தே' என்ற ஒற்றைச் சொல். அமெரிக்காவில் 1998-இல் இயற்றப்பட்டு 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த காப்பா (COPPA) என்னும் குழந்தைகளின் இணையத் தனியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், குழந்தைகளுக்கென்றே நடத்தப்படும் தளங்களையும், தம் பயனர் 13 வயதுக்குட்பட்டவர் என்று உண்மையில் அறிந்திருக்கும் தளங்களையும்தான் பெற்றோரிடம் ஒப்புதல் பெறும்படி கட்டாயப்படுத்துகிறது. அறியாமல் இருப்பதே ஆதாயம் என்ற கணக்கு அங்கேயே தொடங்கிவிட்டது. ஆகவே, ஒப்புதல் கேட்கிறார்களா என்பதோடு நின்றுவிடாமல், எந்தக் கட்டத்தில், யாரிடம், எதற்காகக் கேட்கிறார்கள் என்பதை வைத்தே இந்தக் கொள்கைகளை ஒப்பிட வேண்டியிருக்கிறது.

முதல் வழியைக் கதவடைப்பு என்று சொல்லலாம். சமூக ஊடகங்களில் பெரும்பாலானவை நெடுங்காலம் பின்பற்றியது இதைத்தான்: பிறந்த தேதியைக் கேட்பது, 13-க்குக் கீழ் என்றால் கணக்குத் தர மறுப்பது. பெற்றோரைத் தேடிப் போக வேண்டியதில்லை, அடையாள ஆவணம் எதையும் சேமிக்க வேண்டியதில்லை என்பதால் நிறுவனத்துக்கு இது மிகவும் மலிவானது. குழந்தைக்கோ, பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டால் போதும். பிரிட்டனில் 2020-இல் 13 வயதுக்குட்பட்ட சுமார் 14 லட்சம் குழந்தைகள் டிக்டாக்கைப் பயன்படுத்தியிருக்கலாம் என்று அந்நாட்டுத் தகவல் ஆணையர் அலுவலகம் மதிப்பிட்டு, 2023 ஏப்ரலில் 1.27 கோடி பவுண்டு அபராதம் விதித்தது. இதில் இன்னொரு கேடும் உண்டு. வயதைக் கூட்டிச் சொல்லி உள்ளே வந்த குழந்தையை அமைப்பு வளர்ந்தவராகவே நடத்துகிறது. பாதுகாப்பு அமைப்புகள் எவையும் அதற்குக் கிடைப்பதில்லை. யூடியூப் வழக்கில் இந்தப் பாசாங்கு முழுமையாக அம்பலமானது. தங்கள் தளத்தில் 13 வயதுக்குட்பட்ட பார்வையாளர்களே இல்லை என்று ஒரு விளம்பர நிறுவனத்திடம் சொன்ன அதே நிறுவனம், பொம்மை தயாரிப்பாளர்களிடம் குழந்தைகளைச் சென்றடையத் தங்களைப் போல் வேறில்லை என்று பெருமை பேசியதை அமெரிக்க வர்த்தக ஆணையம் எடுத்துக்காட்டியது. 2019 செப்டம்பரில் 17 கோடி டாலரில் அந்த விவகாரம் தீர்ந்தது.

இரண்டாவது வழி, குழந்தையின் கணக்கைப் பெற்றோரின் கணக்கோடு பிணைப்பது. கூகுள் 2017-இல் கொண்டுவந்த ஃபேமிலி லிங்க், ஆப்பிளின் குடும்பப் பகிர்வு, மைக்ரோசாஃப்டின் குடும்பக் குழு ஆகியவை இவ்வகை. குழந்தை இருக்கிறது என்பதை நிறுவனம் ஒத்துக்கொள்கிறது. பெற்றோருக்கும் செயலியை அனுமதிக்க, நேரத்தை வரையறுக்க, கணக்கை நீக்க ஒரு பிடி கிடைக்கிறது. கதவடைப்போடு ஒப்பிட்டால் நேர்மையான ஏற்பாடு இது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒப்புதல் தருபவர் உண்மையில் பெற்றோர்தானா என்ற கேள்வியை இதுவும் முழுமையாகத் தீர்க்கவில்லை.

கடன் அட்டைப் பரிவர்த்தனை, அரசு அடையாள அட்டை, கையெழுத்திட்ட படிவம், காணொலி அழைப்பு, அடையாள அட்டைப் படத்தோடு முகத்தை ஒப்பிடுதல் என்று அமெரிக்க விதிகள் ஏற்கும் முறைகள் பல. இவை அனைத்தும் நிரூபிப்பது, எதிர்முனையில் இருப்பவர் வளர்ந்தவர் என்பதை மட்டுமே. அவருக்கும் அந்தக் குழந்தைக்கும் என்ன உறவு என்பதை எந்த அட்டையும் சொல்லாது. டிக்டாக்கின் குடும்ப இணைப்பு வசதியில் அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் கண்டதும் இதே ஓட்டையைத்தான்: தாயோ தந்தையோ காப்பாளரோ என்று சரிபார்க்கப்படாத ஒருவர், குழந்தையின் கணக்கோடு தம் கணக்கை இணைத்துக்கொண்டு, 16 வயதைக் கடந்த சிறார் பயனருக்கு நேரடிச் செய்தி வசதியைத் திறந்துவிட முடிந்தது. 2023 செப்டம்பரில் விதிக்கப்பட்ட 34.5 கோடி யூரோ அபராதத்துக்குரிய குற்றங்களில் அதுவும் ஒன்று.

குடும்பக் கணக்கில் நான் அதைவிடக் கவலைப்படும் இடம் வேறு. ஒப்புதல் கேட்பதற்கு முன்பே என்ன திரட்டப்படுகிறது, ஒப்புதல் வராவிட்டால் அது என்ன ஆகிறது? மைக்ரோசாஃப்டின் விளையாட்டுச் சேவையான எக்ஸ்பாக்ஸில் கணக்குத் தொடங்கிய குழந்தை, 13-க்குக் கீழ் என்று தெரிவித்த பிறகும், 2021-இன் இறுதிவரை தொலைபேசி எண் உள்ளிட்ட விவரங்களைக் கொடுக்க வேண்டியிருந்தது. பெற்றோரை அழைத்து வரும்படி சொன்னது அதற்குப் பிறகுதான். பெற்றோர் நடுவழியில் விட்டுவிட்ட பதிவுகளின் விவரங்கள்கூடச் சில ஆண்டுகள் அழிக்கப்படாமல் கிடந்தன. 2023 ஜூனில் மைக்ரோசாஃப்ட் 2 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. திரையில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. பெற்றோர் ஒப்புதல் பக்கமும் இருந்தது. வரிசை மட்டும் தலைகீழாக இருந்தது. இதைக் கொள்கை ஆவணத்தைப் படித்துக் கண்டுபிடிக்க எந்தப் பெற்றோராலும் இயலாது.

மூன்றாவது வழியான குழந்தைகளுக்கான தனிச் செயலியைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. 2015-இல் வந்த யூடியூப் கிட்ஸும் 2017 டிசம்பரில் வந்த ஃபேஸ்புக்கின் மெசஞ்சர் கிட்ஸும் பரவலாக அறியப்பட்டவை. சிறு குழந்தைகளுக்கு இதுவே பொருத்தமானது. வசதிகள் குறைவு என்பதால் திரட்ட வேண்டிய தகவலும் குறைவு. எனினும், பெற்றோர் ஏற்றவர்களோடு மட்டுமே பேச முடியும் என்பதை அடிப்படை வாக்குறுதியாகக் கொண்ட மெசஞ்சர் கிட்ஸிலேயே, குழு உரையாடல் வழியாக முன்பின் அனுமதிக்கப்படாதவர்கள் ஒரே குழுவில் சேர நேர்ந்த பிழை 2019-இல் வெளியானது. ஒப்புதல் ஒவ்வொருவராகப் பெறப்பட்டது. குழுவோ பலர் கூடும் இடம். தவிர, பத்து வயதைத் தாண்டிய பிள்ளை இத்தகைய செயலியில் தங்குவது அரிது.

ஒப்புதல் தந்த பின் அதைத் திரும்பப் பெறும்போதுதான் ஒரு கொள்கையின் தரம் தெரியும். அமேசானின் குரல்வழி உதவியாளரான அலெக்ஸாவில் பதிவான குழந்தைகளின் குரலை அழிக்கும்படி பெற்றோர் கேட்ட பிறகும், அதன் எழுத்து வடிவத்தை அமேசான் எல்லா இடங்களிலிருந்தும் நீக்கவில்லை என்பது 2023 மே மாதம் 2.5 கோடி டாலரில் முடிந்த வழக்கின் சாரம். அழிக்கும் பொத்தான் இருப்பதும் தரவு அழிவதும் ஒன்றல்ல. 2025-இல் திருத்தப்பட்ட காப்பா விதிகள் குழந்தைகளின் தரவைக் காலவரையின்றி வைத்திருப்பதைத் தடுக்கின்றன. சேவைக்கு இன்றியமையாத தேவை இல்லாமல் பிறருக்குத் தரவைக் கொடுப்பதற்குத் தனியாக ஒப்புதல் பெறவும் சொல்கின்றன. 'எல்லாவற்றுக்கும் சரி' என்ற ஒற்றைப் பொத்தானை உடைத்த வகையில் இது நல்ல மாற்றம்.

பெற்றோர் ஒப்புதல் தேவைப்படும் வயது வரம்பிலும் சட்டங்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை 16 என்று வைத்து, உறுப்பு நாடுகள் அதை 13 வரை குறைத்துக்கொள்ள இடமளித்தது. ஜெர்மனி 16-இல் நிற்க, பிரான்ஸ் 15-ஐயும் ஸ்பெயின் 14-ஐயும் தேர்ந்தன. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத அனைவரையும் குழந்தைகளாகக் கொள்கிறது. இவ்வளவு உயரமான வரம்புக்கு ஒரு விலை உண்டு: குழந்தை யாரென்று அறிய எல்லாரையும் சோதிக்க வேண்டும், தனியுரிமையைக் காக்கப் புறப்பட்ட ஏற்பாடு எல்லாருடைய அடையாளத்தையும் கேட்கத் தொடங்கும். வீட்டிலேயே துன்புறும் பதினேழு வயதுப் பிள்ளை உதவி தேடும் தளத்துக்கும் வீட்டாரின் அனுமதி வேண்டியிருக்கலாம் என்பது இன்னும் கடினமான சிக்கல். ஆனால் அதே சட்டம், குழந்தைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் பொதுவிதியாகவே தடை செய்கிறது. ஒப்புதல் படிவத்தால் விலக்க முடியாத தடை என்பதால், ஒப்புதல் விதியைவிட இந்த விதியே வலுவானது என்பேன்.

அதே திசையில் இன்னும் தெளிவாகச் சென்றது பிரிட்டனின் வயதுக்கேற்ற வடிவமைப்பு நெறிமுறை. 15 தரநிலைகள் கொண்ட இது 2020 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்து, ஓராண்டு அவகாசத்துக்குப் பின் முழுமையாகச் செயல்பட்டது. யாரைக் கேட்டாய் என்பதற்கு முன், எதுவும் கேட்காதபோது உன் சேவை எப்படி இருக்கிறது என்று இது வினவுகிறது. கேள்வி எவ்வளவு முக்கியமானது என்பதற்கு எபிக் நிறுவனத்தின் இணைய விளையாட்டான ஃபோர்ட்நைட் சான்று: குரல், எழுத்து உரையாடல் இரண்டும் முன்னிருப்பாகவே (பயனர் எதையும் மாற்றாத நிலையிலேயே) திறந்திருந்ததால் குழந்தைகள் அந்நியர்களோடு இணைக்கப்பட்டனர், 2022 டிசம்பரில் எபிக் நிறுவனம் காப்பா மீறலுக்காக மட்டும் 27.5 கோடி டாலர் கட்ட நேர்ந்தது. இன்ஸ்டாகிராம் 2024 செப்டம்பரில் அறிமுகப்படுத்திய பதின்வயதினர் கணக்குகள் இந்தப் பாடத்தைப் பின்பற்றுபவை. கணக்கு முதலிலேயே மூடியிருக்கும். 16 வயதுக்குட்பட்டவர் அதைத் தளர்த்த விரும்பினால்தான் பெற்றோரின் அனுமதி வேண்டும். உள்ளே நுழைய ஒப்புதல் கேட்பதற்கும், காவலைத் தளர்த்த ஒப்புதல் கேட்பதற்கும் வேறுபாடு பெரிது. முந்தையதில் பெற்றோரின் கவனக்குறைவு குழந்தையைத் திறந்த வெளியில் விடும். பிந்தையதில் அதே கவனக்குறைவு குழந்தையைப் பாதுகாப்புக்குள்ளேயே வைத்திருக்கும். கதவடைப்பின் பழைய ஓட்டை மட்டும் இங்கும் அடைபடவில்லை: வயதைப் பொய்யாகச் சொன்னவருக்கு இந்தக் காவல் தானாக வராது.

அந்த ஓட்டையை அடைக்கும் பொறுப்பு யாருடையது என்பதே இப்போதைய சண்டை. செயலிக் கடையிலேயே வயதைச் சரிபார்த்துப் பெற்றோர் ஒப்புதலையும் பெற்றுவிட வேண்டும் என்கிறது இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா. 2025 மார்ச்சில் அமெரிக்காவின் யூட்டா மாநிலம் அப்படியொரு சட்டத்தை முதன்முதலாக இயற்றியது. கடைகளை நடத்தும் ஆப்பிளும் கூகுளும் இதை விரும்பவில்லை. வானிலை பார்க்கும் செயலிக்குக்கூடப் பயனரின் வயதைச் சொல்ல வேண்டுமா என்பது அவர்களின் வாதம். பெற்றோருக்கு ஒரே இடத்தில் வேலை முடியும் என்பது கடைவழி ஒப்புதலின் உண்மையான நன்மை. ஆனால் கடை அறிவது பதிவிறக்கத்தை மட்டுமே; செயலிக்குள் எந்தத் தகவல் எடுக்கப்படுகிறது என்பது செயலி நடத்துபவருக்கே தெரியும். பிறந்த தேதியைத் தராமல் வயது வரம்பை மட்டும் செயலிக்குத் தெரிவிக்கும் ஆப்பிளின் ஏற்பாடு எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. அதைப் பெற்ற செயலி தன் முன்னிருப்பை அதற்கேற்ப இறுக்க வேண்டும் என்ற கடமையும் சேர்ந்தால், எட்டு வயதுக் குழந்தைக்குத் தனிச் செயலியும், பன்னிரண்டு வயதுக்குக் குடும்பக் கணக்கும், பதினைந்து வயதுக்கு இறுக்கமான முன்னிருப்பும் என்று வயதுக்கு ஒன்றாக இந்த வழிகளைப் பொருத்திக்கொள்ள முடியும்.