செம்மண் தூசிக்கு எந்த ஃபில்டர்? காரைக்குடி வீட்டு அனுபவம்

அப்பத்தாவுக்கு வீசிங். தூசி ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன பிறகு, அவர் படுக்கிற உள்வீட்டில் ஏர் ப்யூரிஃபையர் வைத்தோம். சில வருஷமாக ஓடுகிறது. திருப்திதான். ஆனால் நம் பக்கத்து, நடுவில் திறந்த முற்றம் உள்ள வளவு வீடுகளுக்கு இதை வாங்குகிறவர்கள் முதலில் அறையின் உயரத்தை அளக்க வேண்டும். பெட்டியில் 'இத்தனை சதுர அடிக்கு' என்று போட்டிருப்பது எட்டு, ஒன்பது அடி உயர அறைக்கான கணக்கு. 12க்கு 14 அடி அறை, உயரமும் 14 அடி என்றால் ஏறக்குறைய 67 கன மீட்டர் காற்று. மணிக்கு 5 தடவை அதைச் சுத்தம் செய்ய 330க்கு மேல் சி.ஏ.டி.ஆர். (மெஷின் மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்று தரும் என்ற எண்) வேண்டும். எட்டடி உயரம் என்றால் 190 போதும்.

மெஷினைத் திறந்து பார்த்தால் நம் ஊர்க் காற்று தெரியும். வெளியே இருக்கிற வலை ஃபில்டர் செம்மண் நிறத்தில் இருக்கும். உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கிற, நுண்தூசி பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் கருத்திருக்கும். செம்மண் பருந்தூசி, வலையிலேயே நின்றுவிடும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி, போகிப் புகை, கொசுவர்த்தி எல்லாம் மடிப்புக்குள் போய் உட்காரும். அதனால் என் கவனமெல்லாம் வலை மேல்தான். ஆடிக் காற்றில் வளவு வழியாகத் தூசி கொட்டும். அப்போது வாரா வாரம் கழுவுவேன். தூசியின் எதிர்ப்பக்கத்திலிருந்து தண்ணீர் விட்டால் சிவப்பாக ஓடி இறங்கும். நிழலில் ஈரம் போகக் காயவைத்து மாட்டுவேன். மழைக்காலத்தில் மாசம் ஒரு தடவை போதும். வலை சுத்தமாக இருந்தால் விலை கூடிய ஹெப்பா நாள்பட உழைக்கிறது. ஹெப்பாவை மட்டும் கழுவவே கூடாது, இழை கெட்டுவிடும்.

சொந்தக்காரர் வீட்டில் ஏ.சி. வலை மேல் நைசான ஃபில்டர் ஷீட்டை மெக்கானிக் ஒட்டிக் கொடுத்தார். காற்று குறைந்து, காயிலில் ஐஸ் கட்டி, சுவரெல்லாம் தண்ணீர். ஷீட்டை எடுத்ததும் சரியானது. அமெரிக்காவில் இருக்கிற என் தம்பி வீட்டில் குளிருக்கு ஃபர்னஸ், அதாவது காற்றைச் சூடாக்கி வீட்டுக்குள் அனுப்புகிற மெஷின். அங்கேயும் இதே சங்கதிதான்: ஃபில்டரின் தரத்தைச் சொல்லும் மெர்வ் எண் கூடக் கூட நுண்தூசி நன்றாக நிற்கும், காற்று போக வழியும் குறையும். 13 வாங்குவதற்கு முன் ஃபர்னஸ் தாங்குமா என்று பார்க்க வேண்டும், தாங்காவிட்டால் 8 போதும் என்பான். ஃபில்டர் சட்டத்தில் உள்ள அம்புக்குறி ஃபர்னஸைப் பார்த்து இருக்க வேண்டுமாம்.

மாற்றச் சொல்லி எரிகிற விளக்கை மட்டும் நம்பாதீர்கள். எங்கள் மெஷினில் அது ஓடின மணி நேரத்தைத்தான் கணக்கு வைக்கிறது, அழுக்கை அல்ல. மடிப்பு முழுக்கக் கருத்து, வேகம் கூட்டியும் காற்று வரவில்லை என்றால் மாற்றிவிடுவேன். வாங்கும்போது மாடல் எண்ணை ஒத்துப் பாருங்கள். அளவு சரியில்லாமல் ஓரத்தில் இடைவெளி இருந்தால் தூசி அந்த வழியாகவே போய்விடும். புதுசை மாட்டும் முன் பாலித்தீன் உறையைக் கழற்றுங்கள். உறையோடு மாட்டி ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.