பழைய தொட்டியை மாற்றுவதா, பக்கத்தில் புதிதாகக் கட்டுவதா?

30 எம்எல்டி (நாளைக்கு 3 கோடி லிட்டர்) எஸ்டிபியை, அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை, 45 ஆக்க வேண்டும் என்றால் பெரும்பாலும் இரண்டு திட்டங்கள் மேசைக்கு வரும். ஓடுகிற ஏரேஷன் டேங்கில் (காற்று ஊதும் தொட்டி) நுண்ணுயிர் ஒட்டி வளரப் பிளாஸ்டிக் துண்டுகளை, அதாவது மீடியாவை, போட்டு ஐஃபாஸ் ஆக்குவது ஒன்று. பக்கத்தில் 15 எம்எல்டிக்குப் புது எஸ்பிஆர் (ஒரே தொட்டியில் நிரப்பி, காற்றூதி, படியவிட்டு, தெளிந்த நீரை வெளியேற்றும் முறை) கட்டுவது இன்னொன்று. இடம் இருந்தால் எங்கள் ஓட்டு எஸ்பிஆருக்குத்தான். சென்னை நெசப்பாக்கம் நிலையமும் 23, 40, 54 எம்எல்டி எனத் தனித்தனி அலகுகளாக வளர்ந்ததுதான்.

ஐஃபாஸுக்கு நிலம் வேண்டாம், கான்கிரீட் குறைவு, எஸ்டிமேட்டும் சின்னதாகத் தெரியும். காற்றூதும் புளோயரும் சேறு படியவிடும் கிளாரிஃபையரும் 45-ஐத் தாங்குமா என்று பார்த்த பிறகு அந்த வித்தியாசம் சுருங்கிவிடும். 20 மி.மீ. இடைவெளியுள்ள பார் ஸ்கிரீனை (குப்பை பிடிக்கும் கம்பித் தடுப்பு) வைத்துக்கொண்டு மீடியா போட்டால், வெளியேறும் வழியிலுள்ள சல்லடையில் துணியும் முடியும் சுற்றிக்கொள்ளும். 6 மி.மீ. ஸ்கிரீனையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

ஆனால் முடிவைத் தீர்மானிப்பது வேறு: வேலை நடக்கும்போது வருகிற கழிவுநீர் எங்கே போகும்?

ஐஃபாஸ் வேலைக்காக இரண்டு டேங்கில் ஒன்றை நிறுத்தினால் மற்றது 30 எம்எல்டியையும் சுமக்கும். காற்று போதாமல் டிஓ (நீரில் கரைந்த ஆக்சிஜன்) சரியும், வெளியேறும் நீரில் பிஓடி (கரிம அழுக்கைக் காட்டும் அளவு) ஏறும். டேங்குக்கு வரும் நீரை அடைக்கும் பழைய கேட்டும் முழுசாக அடைபடாது. நீரைப் பிரித்துவிடும் சேம்பரையே காயவைக்க வேண்டிவரும். அப்போது மொத்த வரத்தையும் பம்ப் வைத்து அந்த இடத்தைத் தாண்டி அனுப்ப வேண்டும் (பைபாஸ் பம்பிங்). சராசரி மணிக்கு 1,250 கனமீட்டர். உச்சக் காரணி (உச்ச நேர வரத்து சராசரியைப்போல் எத்தனை மடங்கு என்பது) 2.25 என்றால் 2,800-ஐத் தாண்டும். ஸ்டாண்ட்பை பம்பும் டீசல் ஜெனரேட்டரும் இல்லாமல் இதைத் தொடக்கூடாது.

டேங்க் காலியானதும் அடுத்த தலைவலி. அடியில் இறுகிய சேற்றைக் கிளறினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு கிளம்பும். கேஸ் மீட்டர் இல்லாமல் ஆளை இறக்கக்கூடாது. அடித்தளத்துக்கு மேல் 3 மீட்டர் நிலத்தடி நீர் நின்றால் சதுர மீட்டருக்கு 3 டன் மேலே தள்ளும். 50 செ.மீ. ஸ்லாபின் எடையோ 1.25 டன்தான். சுவர் எடையைச் சேர்த்துச் சரிபார்க்காமல் ஐப்பசி, கார்த்திகையில் டேங்கைக் காலி செய்தால் ஸ்லாப் தூக்கிக்கொள்ளும்.

எஸ்பிஆரில் இந்தக் கூத்து எதுவும் ஓடுகிற பிளாண்டைத் தொடாது. தோண்டும்போது டீவாட்டரிங் (ஊறும் நீரை இறைப்பது) உண்டு, ஆனால் அது வெறும் குழி. கான்கிரீட் தொட்டிகளுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 3370 சொல்லும் நீர்ச்சோதனையை (7 நாள் ஊறல், 7 நாள் கவனிப்பு) மண் நிரப்பும் முன்பே செய்துவிட்டால் கசிவு கண்ணுக்குத் தெரியும். புது டேங்கைத் தொடங்கத் தேவையான நுண்ணுயிர் நிறைந்த விதைச் சேறு பக்கத்து டேங்கிலேயே கிடைக்கும். இணைப்பு, டிஸ்ட்ரிபியூஷன் சேம்பரில் ஒரே இடம். வரத்து குறைகிற பின்னிரவில் செய்யலாம். தெளிந்த நீரை வடிக்கும் டிகேன்டரும் தானியங்கிக் கட்டுப்பாட்டுக் கருவியான பிஎல்சியும் பராமரிப்பில் ஆளைப் படுத்தும் என்பதை மறுக்கவில்லை. மீடியா பத்தாண்டு கழித்து எப்படி இருக்கும் என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு எங்களுக்கு அனுபவம் இல்லை.

இடமே இல்லை, ஐஃபாஸ்தான் என்றால், டெண்டரில் பைபாஸ் பம்பிங்கை லம்ப்சமில் (மொத்தத் தொகையில்) புதைக்காமல் நாள் கணக்கில் தனி ஐட்டமாகப் போடுங்கள். லம்ப்சமில் விட்டால் முதலில் காணாமல் போவது ஸ்டாண்ட்பை பம்ப்தான்.