கொரோலா கே.ஈ. 70 காருக்கு டபிள்யூ 58 கியர்பொக்ஸ்: வன்னியில் மூன்று ஆண்டுகள், 38,000 கிலோமீற்றர்

முள்ளியவளைப் பக்கம் நண்பர் ஒருவருக்குத் தென்னங்காணி இருக்கிறது. நடுவே நூல் பிடித்தாற்போல ஒரு கிரவல் பாதை. அதன் முடிவில் கொங்கிரீட் மதகு. 2021 கடைசியில் ஒரு நாள், பின் சக்கரங்கள் கிரவலில் வழுக்கிச் சுழல, இரண்டாம் கியரில் முழுதாக மிதித்தபடி வந்தேன். மதகில் ஏறிய கணத்தில் டயர்கள் கொங்கிரீட்டைப் பற்றிக்கொண்டன. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் அடித்தது போல ஒரு சத்தம். அதன் பிறகு முதலாம் கியர் விழுந்தது, மூன்றாம் கியர் விழுந்தது, இரண்டாவது வெறும் அரவையாக இருந்தது. கியர்பொக்ஸைத் திறந்தபோது அடியில் தேங்கிய ஒயிலுக்குள் மூன்று பற்கள் கிடந்தன. ஒன்றை எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். முறிந்த முகம் சீனி போல மணிமணியாக மின்னியது. நாள்பட்ட வெடிப்பின் கறுப்பு எதுவும் இல்லை. ஒரே அடியில் போயிருக்கிறது.

குற்றம் பெட்டியினுடையது அன்று, என்னுடையது. வண்டி டொயோட்டா கொரோலா கே.ஈ. 70. அதில் பிறந்த 1,290 சி.சி. 4கே எஞ்சினை இறக்கிவிட்டு, கொரோலாவின் இன்னொரு வகையான ஏ.ஈ. 86இல் வந்த 1,587 சி.சி. 4ஏ-ஜிஈ எஞ்சினையும் அதனோடு வந்த டி 50 கியர்பொக்ஸையும் ஏற்றியிருந்தேன். இரண்டு கார்களின் அடிப்பாகமும் நெருங்கிய உறவு என்பதால் அது பெரிய வேலையாக இருக்கவில்லை. அந்த நிலையிலேயே விட்டிருந்தால் டி 50 இன்றும் ஓடிக்கொண்டிருக்கும். நான் அதன் மேல் ஒரு டர்போவை வைத்து 0.5 பார் அழுத்தம் கொடுத்தேன். காற்று ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. சூட்டிலும் உரசலிலும் போவதைக் கழித்தாலும், கம்பனி 15.2 என்று சொன்ன முறுக்குவிசை 20 கிலோகிராம்-மீற்றரைத் தாண்டிவிடும். அந்தப் பெட்டி அதற்காகச் செய்யப்படவில்லை.

அடுத்த பெட்டியைத் தேடத் தொடங்கியதும் ஆளுக்கு ஒரு கதை சொன்னார்கள். "இது 300 குதிரைவலு தாங்கும்", "அது 500 தாங்கும்" என்றார்கள். குதிரைவலுக் கணக்கை நம்பிப் பெட்டி வாங்கக் கூடாது என்பது இப்போது என் உறுதியான எண்ணம். பல்லை முறிப்பது முறுக்குவிசை. அதையும்விட அது திடீரென்று வந்து விழும் அதிர்ச்சி. ஆகவே நான் ஒரேயொரு கேள்வியைத்தான் கேட்டேன்: இந்தப் பெட்டி தொழிற்சாலையில் எந்த எஞ்சினுக்குப் பின்னால் பூட்டப்பட்டது? டி 50க்கு முன்னால் இருந்தது 15.2 கிலோகிராம்-மீற்றர். டொயோட்டா அல்டெஸா ஆர்.எஸ். 200இன் ஆறு கியர் ஜே 160க்கு முன்னால் 22. டர்போ இல்லாத ஜே.இசட்.ஏ. 80 சூப்ராவில் ஐந்து கியர் டபிள்யூ 58க்கு முன்னால் 29. 1ஜேஇசட் டர்போ எஞ்சினுக்குப் பின்னால் வந்த ஆர் 154க்கு முன்னால் 37. கம்பனி தன் பெயரையும் உத்தரவாதத்தையும் வைத்து விற்ற கணக்கு இது. சந்தியில் சொல்லும் கணக்கைவிட இதில் எனக்கு நம்பிக்கை அதிகம்.

ஜே 160 மீது கொஞ்சம் ஆசை இருந்தது. ஆறு கியர் என்றால் யாருக்குத்தான் இருக்காது? ஆனால் ஒரு சின்னப் பெட்டிக்குள் ஆறு சோடியை அடுக்கினால் ஒவ்வொரு பல்சக்கரமும் மெலிந்துதான் ஆக வேண்டும். முறுக்குவிசை கூடும்போது சாய்ந்த பற்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும். அச்சுகள் வளையும், அலுமினிய உடல் விரியும், பற்களின் நுனி மட்டும் பாரத்தைத் தாங்கும், பிறகு முறியும். அச்சுகளின் இடைவெளியும் பல்லின் அகலமும் கூடியிருப்பதுதான் பெரிய பெட்டியின் பலம். இன்னொன்று: கடைசிக் கியரின் விகிதம் எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு மெல்லச் சுற்றும் எஞ்சின். அல்டெஸாவின் ஆறாம் கியர் விகிதம் 0.869. டி 50இன் ஐந்தாவது 0.861. ஆறாவது இருந்தும் நெடும்பாதையில் ஒரு லாபமும் இல்லை.

ஆர் 154 பலத்தில் எல்லாவற்றையும் மிஞ்சும். ஆனால் அதை வைக்க என் வண்டியின் தரையில் பெட்டி உட்காரும் நடுச் சுரங்கத்தை வெட்டித் திறக்க வேண்டும். மெக்கானிக் அண்ணை அளவுநாடாவை இரண்டு முறை பிடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, மாட்டு வண்டிக்கு ட்ரக்டர் கியர்பொக்ஸ் கேட்கிறீர்" என்றார். அந்த யோசனை அங்கேயே முடிந்தது. டபிள்யூ 58க்குச் சுரங்கத்தைச் சுத்தியலால் சற்று விரித்தாலே போதும். இலேசான வண்டியில் பெட்டிக்கும் ஓர் ஆறுதல் உண்டு: பாரம் மிஞ்சினால் பல்லுக்கு முன்னர் டயர் வழுக்கிவிடும். மதகு போன்ற இடத்தில் மட்டும்தான் அந்த ஆறுதல் இல்லை.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு பாவித்த டபிள்யூ 58 கிடைத்தது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய உதிரிப்பாகங்களுக்கு அந்த நாட்களில் நகைக்கடை விலை. வாங்கும்போது செய்ய வேண்டியதை மட்டும் சொல்கிறேன்: உள்ளே போகும் அச்சைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், ஒவ்வொரு கியரிலும் போட்டுச் சுற்றிப் பாருங்கள், வடிகால் ஆணியைக் கழற்றி விரலை விட்டு வழியுங்கள். பசை போன்ற சாம்பல் தூள் வந்தால் பயமில்லை. நகத்தில் நெருடும் துண்டு வந்தால் காசைத் திரும்பச் சட்டைப் பையில் வையுங்கள்.

பெட்டி வாங்குவது செலவின் சின்னப் பாதிதான். எஞ்சினோடு பொருத்த இடைத்தகடு, புதிய நடுப்பகுதி கொண்ட கிளச் தட்டு, குறுக்கி வெட்டிய ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், தாங்கி என்று மற்றவை எல்லாம் சேர்ந்து பெட்டியின் விலையைத் தாண்டின. ஷாஃப்டைச் சமநிலை பார்க்க, உரப்பையில் சுற்றி இரவு பஸ்ஸில் கொழும்புக்கு அனுப்பினேன். நடத்துநர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார்.

இடைத்தகட்டில்தான் நான் மோசமாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒரு லேத் பட்டறையில் கடைந்து, துளையிட்டு, பூட்டி ஓட்டினோம். முதல் நாளே மெல்லிய ஊளை. பழைய பெட்டிதானே, பழகிவிடும் என்று என்னை நானே சமாதானப்படுத்தினேன். மூன்று மாதத்தில் கிளச் முழுதாக விடுவிக்காமல் இழுத்தது. நாலாம் கியர் தானாகக் கழன்று விழுந்தது. இறக்கிப் பார்த்தால், எஞ்சினின் கிராங்க் முனையில், பெட்டியின் உள்ளே போகும் அச்சைத் தாங்கும் சின்ன பெயாரிங் மாத்தூள் போல அரைந்திருந்தது.

அண்ணை ஒரு டயல் அளவுமானியைக் கடன் வாங்கி வந்தார். அதன் காந்தக் காலை ஃப்ளைவீலில் நிறுத்தி, முனையைப் பெல் ஹவுசிங்கின் (பெட்டியை எஞ்சினோடு சேர்க்கும் மணி வடிவக் கூட்டின்) நடுத்துளைச் சுவரில் தொடவைத்து, எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றினார். முள் பூச்சியத்தில் புறப்பட்டது. அரைச் சுற்றில் 0.46 மில்லிமீற்றருக்குப் போனது. முழுச் சுற்றில் பூச்சியத்துக்கே திரும்பியது. துளையின் மையம் கிராங்கின் மையத்திலிருந்து அதில் பாதி, 0.23, விலகி நிற்கிறது என்று பொருள். முள் காட்டும் மொத்த ஆட்டம் 0.13க்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. கண்ணால் பார்த்தால் தெரியாத அந்த விலகலில்தான் மூன்று மாதமும் ஒவ்வொரு சுற்றிலும் அச்சு வளைந்து நிமிர்ந்திருக்கிறது. கூட்டை இடம்பிடித்து நிறுத்த, மையம் விலக்கிக் கடைந்த ஊசிகளை வைத்து, சுற்றி, கழற்றி, திருப்பி, மறுபடி சுற்றி, மாலை ஆறு மணிக்கு முள் 0.08இல் நின்றது. ஊளை போய்விட்டது. இந்த வேலையை முதல் நாளே செய்திருந்தால் ஒரு பெயாரிங்கும் ஒரு கிளச் தட்டும் மிஞ்சியிருக்கும். உங்களுக்குப் பூட்டித் தருபவரிடம் டயல் அளவுமானி இருக்கிறதா என்று கேளுங்கள். "கைப்பழக்கம் போதும்" என்று சொன்னால் வண்டியைத் திருப்புங்கள்.

இதெல்லாம் முடிந்தபோது 2022 நடுப்பகுதி. பெற்றோல் இல்லை. பிறகு கியூ.ஆர். அட்டையும் வாரத்துக்கு 20 லீற்றரும் வந்தன. டர்போ வண்டிக்கு அது தொட்டுக்கொள்ளத்தான் காணும். ஆகவே மூன்று ஆண்டுக் கணக்கை நான் எண்ணத் தொடங்குவது வண்டி ஒழுங்காக ஓடத் தொடங்கிய நாளிலிருந்துதான்.

ஓட்டத்தில் முதலில் தெரிவது விகித மாற்றம். டி 50இன் முதலாம் கியர் 3.587, டபிள்யூ 58இல் 3.285. புறப்படும்போது கிளச்சை இன்னும் கொஞ்சம் தாங்கிப் பிடிக்க வேண்டும். கச்சான் வாங்க முறிகண்டியில் நிறுத்தி எடுக்கும்போது முதல் மாதத்தில் நாலு தடவை எஞ்சின் அணைந்தது, கச்சான்காரப் பெண்கள் சிரித்தார்கள். ஐந்தாவது 0.783. ஏ9 வீதியில் சட்டம் அனுமதிக்கும் 70இல் போகும்போது, பின் அச்சின் டிஃப் (டிஃபரென்ஷியல்) விகிதம் 4.3, 185/60 14 அங்குல டயர் கணக்கில், முன்பு 2,380 சுற்று, இப்போது 2,165. மாங்குளத்துக்கும் புளியங்குளத்துக்கும் இடையில் காட்டுக்குள் போகும்போது காதுக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது.

கைக்குச் சுகமான பெட்டி என்று சொல்ல மாட்டேன். டி 50இன் தடி வெண்ணெயில் கத்தி இறங்குவது போல விழும். டபிள்யூ 58 லொறிக் குணம் கொண்டது. 6,500 சுற்றுக்கு மேல் இரண்டிலிருந்து மூன்றுக்கு அவசரப்படுத்தினால், கியர் விழும்முன் வேகத்தைச் சமப்படுத்தும் சின்க்ரோ வளையம் கரகரத்து எதிர்ப்புத் தெரிவிக்கும். அரை நொடி காத்துப் போட வேண்டும். மார்கழிப் பனியில் விடியற்காலை முதல் இரண்டு கிலோமீற்றருக்கு இரண்டாம் கியரும் முறைக்கும். தடி நாலு விரல் பின்னால் வந்துவிட்டதால் நாலாம் கியரில் முழங்கை கைத்தடையில் இடிக்கிறது. இதற்கெல்லாம் பழகிவிட்டேன். வேகமானியின் கேபிள் பொருந்தாமல் ஓர் ஆண்டு கைத்தொலைபேசியைப் பார்த்து ஓட்டியதற்குத்தான் பழகவில்லை.

ஒயிலில் கஞ்சத்தனம் வேண்டாம். ஜி.எல்-4 தரத்தில் 75டபிள்யூ-90 ஊற்றுகிறேன். இடையில் ஒருமுறை கடையில் இருந்ததே என்று டிஃப்புக்கு ஊற்றும் ஜி.எல்-5 ஒயிலை ஊற்றினேன். அதன் வழுவழுப்பில் சின்க்ரோ வளையம் பிடிப்பை இழந்து, கரகரப்பு இரட்டிப்பானது. பத்து நாளில் வடித்துவிட்டேன்.

கிளச்சுக்குச் செராமிக் வேண்டாம் என்று அண்ணை பிடிவாதம் பிடித்தார். சாதாரணத் தட்டு, கொஞ்சம் பலமான மூடி. மதகில் நடந்தது மறுபடி நடந்தால் பல்லுக்குப் பதில் கிளச் வழுக்கட்டும் என்பது அவர் கணக்கு. வீதியில் ஓட்டுபவனுக்கு அதுதான் சரி.

வன்னிக்கென்று சில தொல்லைகள் உண்டு. கிளச் கவட்டின் இறப்பர் உறை கிழிந்தால் செம்புழுதி உள்ளே போய், விடுவிக்கும் பெயாரிங் குருவிக்குஞ்சு போலக் கத்தும். எனக்கு இரண்டு போய்விட்டன. ஒரு மாரியில் வட்டுவாகல் பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாய்ந்தபோது அவசரப்பட்டுக் கடந்தேன். சூடான பெட்டி குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கும்; மேலே உள்ள மூச்சுத்துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். அடுத்த வாரம் ஒயிலை வடித்தபோது பால் தேநீர் நிறம். நந்திக்கடல் தண்ணீர் என்பதால் உப்பு வேறு. இரண்டு முறை மலிவு ஒயில் ஊற்றி ஓட்டி அலசினேன். இப்போது மூச்சுத்துளையில் ஓர் இறப்பர்க் குழாயை மாட்டி, அதன் நுனியை எஞ்சின் அறையின் மேல்விளிம்பில் கட்டியிருக்கிறேன். செலவு ஒரு தேநீர்க் காசு.

பெட்டி தாங்கியதும் உடைவு பின்னால் குடிபெயர்ந்தது. கே.ஈ. 70இன் சின்ன டிஃப் எட்டு மாதத்தில் முனகத் தொடங்கியது. அதற்குப் பதில் ஏ.ஈ. 86 வகை, பல்வளையம் 6.7 அங்குலம். மேலே சொன்ன 4.3 அதுதான். பெட்டி மாற்றத் திட்டமிடுபவர்கள் இதையும் அன்றே கணக்கில் எழுதிவிடுங்கள்.

38,000 கிலோமீற்றரில் பெட்டிக்குள் ஒரு பல்லும் போகவில்லை. தென்னங்காணிப் பாதைக்கு இப்போதும் போகிறேன். மதகுக்கு முன்னால் காலை எடுக்கிறேன். பின்பக்க சீலில் ஒயில் கசிகிறது, வண்டி நிற்கும் இடத்தில் காலையில் ஐந்து ரூபாய்க் குற்றியளவு வட்டம். அடுத்த மாதம் பெட்டியை இறக்கி அதையும் மூன்றாம் கியர் சின்க்ரோவையும் மாற்றப்போகிறேன். டயல் அளவுமானியை இந்த முறை கடன் வாங்கவில்லை, சொந்தமாகவே வாங்கிவிட்டேன்.