செகண்ட் ஹேண்ட் ஜிப்ஸி, தாண்டிக்குடி மலையில ஏழு வருஷம்

தாண்டிக்குடியில இருந்து நாலு கிலோமீட்டர் மண் ரோடு போனாத்தான் எங்க காப்பித் தோட்டம். மழை விட்டு ரெண்டு நாள் ஆனாலும் அந்த ரோடு காயாது, மிளகு மூட்டைய இறக்கணும்னா வாடகை ஜீப்புதான், அந்த வாடகை கட்டுப்படியாகாமத்தான் 2018 சித்திரையில நாலு சக்கரமும் இழுக்குற, அதாவது ஃபோர் வீல், மாருதி ஜிப்ஸி கிங் ஒண்ணு, 2006 மாடல், வாங்குனேன். 3 லட்சத்து 10 ஆயிரம் ரூபா, அப்ப 78 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்துச்சு, இப்ப 1 லட்சத்து 30 ஆயிரத்த தாண்டிருச்சு.

இதுக்கு முன்னாடி கோயம்புத்தூர்ல ஒரு புரோக்கர் மூலமா வேற ஒரு வண்டி பாத்தேன். புது பெயிண்ட், பெரிய டயரு, மேல நாலு லைட்டு, பாத்த ஒடனே அட்வான்ஸ் குடுக்கலாம்னு தோணுச்சு. கியர் லீவர் பக்கத்துல இருக்குற சின்ன லீவர, அதான் ஃபோர் வீல் போடுற லீவர, இழுத்தேன், அசையவே இல்ல. "யூஸ் பண்ணாம இறுகிருச்சு சார், ஆயில் விட்டா சரியாயிரும்"னு சொன்னாரு. குனிஞ்சு அடியில பாத்தா முன் சக்கரத்துக்கு இன்ஜின் சக்திய கொண்டு போற ப்ரொப்பல்லர் ஷாஃப்டே இல்ல, கழட்டி எடுத்துட்டாங்க. பேருக்குத்தான் ஃபோர் வீல். தயவு செஞ்சு பானெட்ட தொறக்குறதுக்கு முன்னாடி தரையில படுத்து அடிப்பக்கத்த பாருங்க.

ரெண்டாவது வண்டிக்கு வத்தலகுண்டு மெக்கானிக் அண்ணன கூட்டிட்டுப் போனேன். அவரு இன்ஜின் சத்தத்தக் கூட கேக்கல, நேரா அடியில போயி ஒரு ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால சேசிஸ்ல, அதாவது வண்டியத் தாங்குற அடி இரும்புச் சட்டத்துல, தட்டிக்கிட்டே வந்தாரு, பின்பக்கம் ஸ்பிரிங் பட்டை மாட்டுற எடம் வரைக்கும். நல்ல இரும்பு டங்குன்னு கேக்கும், துரு தின்ன எடம் டப்புன்னு அமுங்கிரும். இன்ஜின் போனா வேற இன்ஜின் வச்சுக்கலாம்டா தம்பி, சேசிஸ் போனா வண்டியே போச்சுன்னாரு. அப்புறம் அச்சு நடுவுல இருக்குற டிஃபரென்ஷியல் கியர் பெட்டியோட ஆயில் மூடியத் தொறந்து விரல விட்டுப் பாத்தாரு, கருப்பா இருந்தா பரவாயில்ல, பால் ஊத்துன காப்பி மாதிரி இருந்தா ஆத்துல எறக்கி தண்ணி உள்ள போயிருக்குன்னு அர்த்தம். முன் சக்கரத்த ஜாக்கி போட்டுத் தூக்கி மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டுனாரு, லேசா ஆட்டம் இருந்துச்சு, முன் சக்கரம் திரும்புற எடத்துல இருக்குற கிங்பின் பேரிங் தேஞ்சிருக்கு, அதுக்கு வெலைய கொறைங்கன்னு பேசி 15 ஆயிரம் கொறச்சோம்.

ஃபோர் வீல் போட்டு ஓட்டிப் பாக்குறத தார் ரோட்டுல செய்யாதீங்க. ஜிப்ஸி மாதிரி பார்ட் டைம் ஃபோர் வீல்ல, அதாவது தேவைப்படும்போது மட்டும் போட்டுக்குறதுல, முன் அச்சும் பின் அச்சும் வேற வேற வேகத்துல சுத்த விடுற சென்டர் டிஃபரென்ஷியல் கெடையாது, வளைவுல முன் சக்கரமும் பின் சக்கரமும் வேற வேற தூரம் சுத்தணும், மண்ணுல டயரு வழுக்கி சமாளிச்சுக்கும், காஞ்ச தார்ல வழுக்க முடியாம எல்லா முறுக்கும் கியர்லயும் ஷாஃப்ட்லயும் ஏறும். நாலு டயரும் ஒரே சைஸா இருக்கணும்னு சொல்றதும் இதுக்குத்தான். மண் தரையில ஃபோர் ஹை (சாதா வேகத்துக்கு), வண்டிய நிறுத்தி ஃபோர் லோ (மெதுவா, இழுவை ஜாஸ்தி), ரெண்டும் சுளுவா விழுந்து திரும்ப வெளிய வரணும்.

வாங்குன மொத மாசமே 42 ஆயிரம் செலவு, ஆயில் சீல், ஜாயிண்ட் கிராஸ், கிங்பின் பேரிங், பிரேக், நாலு டயரு. செகண்ட்ல எடுக்குறவங்க இந்தக் காச தனியா எடுத்து வச்சுட்டுத்தான் வெலை பேசணும். அதுக்கப்புறம் பெருசா ஒண்ணும் இல்ல, 2021ல ஸ்பிரிங்கோட மெயின் பட்டை ஒடஞ்சுச்சு, அது நான் அளவுக்கு மீறி மூட்டை ஏத்துனதால வந்தது.

வண்டி வாங்குன அந்த 2018 நவம்பர்லயே கஜா புயல் வந்துச்சு. தோட்டத்துப் பாதையில சில்வர் ஓக் மரம் குறுக்க விழுந்து கெடந்துச்சு. அறுத்த துண்டுகளுக்கு சங்கிலி போட்டு ஃபோர் லோல ஒண்ணொண்ணா இழுத்தோம், ஆக்சிலேட்டர் மிதிக்கவே வேணாம், கிளட்ச விட்டதும் அதுபாட்டுக்கு இழுத்துச்சு, சாயங்காலத்துக்குள்ள பாதை தொறந்துருச்சு. வண்டி வெயிட்டு ஒரு டன் அளவுதான், அதனால சேத்துல ரொம்ப புதையாது.

கொறைன்னு பாத்தா மலையில லிட்டருக்கு 9, கீழ 11 கிலோமீட்டர், அவ்வளவுதான். நாலு பக்கமும் பட்டைங்கிறதால முதுகு வலிக்கும், ஏசி கெடையாது, ஏர்பேக் கெடையாது, எங்க அம்மாவ வச்சு மதுரை வரைக்கும் போறதுக்கு இது ஆகாது. தெனமும் அதிக சுமை ஏத்துறவங்க 2010ல இருந்து வந்த பழைய மஹிந்திரா தார் (Thar) டீசல் ஜீப்ப பாக்கலாம், 2.5 லிட்டர் இன்ஜின், ஜிப்ஸியோட 1.3 லிட்டர் பெட்ரோல விட இழுவை ரொம்ப ஜாஸ்தி. ஜிப்ஸி உற்பத்தி நின்னுருச்சு, ஆனா பட்டாளத்துல நெறைய ஓடுன வண்டிங்கிறதால பார்ட்ஸ் இன்னும் கெடைக்குது.

ஆர்சிய மட்டும் விட்றாதீங்க. 15 வருஷம் முடிஞ்சா எஃப்சி, அதாவது வண்டி ஓடத் தகுதியா இருக்கான்னு பாக்குற சோதனை, காட்டி 5 வருஷத்துக்குப் புதுப்பிக்கணும், எனக்கு 2021ல முடிஞ்சுது, அடுத்தது 2026. பட்டாள ஏலத்துல வந்த வண்டின்னா சேசிஸ் நம்பர துணியால தொடச்சு ஆர்சியோட ஒவ்வொரு எழுத்தா ஒத்துப் பாருங்க, வித்தவங்க கையில ஏல பேப்பர் இல்லேன்னா பேச்ச அங்கயே நிறுத்திருங்க.