வீட்டு வைஃபையில் "கடவுச்சொல் தவறு": பல ஆண்டுப் பயன்பாட்டில் தெளிந்தவை

வீட்டு வைஃபை இணைப்பைப் பல ஆண்டுகளாக நானே பராமரித்து வருகிறேன். இடையில் ரவுட்டர் மாறியிருக்கிறது. கைபேசி, மடிக்கணினி, அச்சுப்பொறி, தொலைக்காட்சி, ஸ்மார்ட் பிளக் என்று இணையும் கருவிகளும் பெருகியிருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை எப்போதாவது ஒருமுறை "கடவுச்சொல் தவறு" என்றோ "அங்கீகாரச் சிக்கல்" என்றோ சொல்லி இணைய மறுத்திருக்கின்றன. அந்தச் செய்தியை அப்படியே நம்பி உடனே கடவுச்சொல்லை மாற்றுவதும், ரவுட்டரை ரீசெட் செய்வதும் பெரும்பாலும் தேவையற்ற வேலை என்பதே இவ்வளவு காலப் பயன்பாட்டில் நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு.

அந்தச் செய்தி எப்படி உருவாகிறது என்று அறிந்தால் இதற்கான காரணம் விளங்கும். இன்று வீடுகளில் பரவலாக உள்ள டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில், நாம் தட்டச்சு செய்யும் கடவுச்சொல் காற்றில் அனுப்பப்படுவதே இல்லை. கருவியும் ரவுட்டரும் அந்தக் கடவுச்சொல்லையும் வலையமைப்பின் பெயரையும் சேர்த்து, 4096 சுற்றுகள் கொண்ட ஒரு கணக்கீட்டின் வழியாக, 256 பிட் நீளமுள்ள ஒரு திறவியை (ரகசிய எண்ணை) தனித்தனியே உருவாக்கிக்கொள்கின்றன. பிறகு நான்கு செய்திகளைப் பரிமாறி, இருவரிடமும் உள்ள திறவி ஒன்றுதானா என்று சோதிக்கின்றன. இரண்டாவது செய்தியில் சரிபார்ப்பு பொருந்தாவிட்டால், "உன் கடவுச்சொல் தவறு" என்று ரவுட்டர் வெளிப்படையாகச் சொல்வதில்லை. அந்தச் செய்தியைப் புறக்கணித்துச் சிறிது நேரம் காத்திருந்து, இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. பதில் வராததை வைத்துக் கைபேசியாக ஊகித்துக் காட்டுவதே "கடவுச்சொல் தவறு" என்ற செய்தி. அலை வலுவிழந்த மூலையில் இருந்து இணைய முயலும்போது அந்த நான்கு செய்திகளில் ஒன்று வழியில் தொலைந்துபோனாலும் இதே ஊகம் பிறக்கலாம். ஆகவே, ரவுட்டர் இருக்கும் அறைக்கே கருவியைக் கொண்டுசென்று ஒருமுறை முயன்று பார்ப்பதை முதற்படியாக வைத்திருக்கிறேன். எளிமையானதுதான், ஆனால் பலரும் தாண்டிவிடும் படி இது.

அடுத்துப் பார்க்க வேண்டியது, சிக்கல் ஒரே ஒரு கருவியிலா அல்லது எல்லாக் கருவிகளிலுமா என்பது. மற்ற கருவிகள் சிரமமின்றி இணைந்திருந்தால் ரவுட்டரைத் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அந்த ஒரு கருவியில் பழைய கடவுச்சொல்லோ பழைய பாதுகாப்பு அமைப்போ சேமிக்கப்பட்டிருக்கக்கூடும். வலையமைப்பின் பெயரைத் தேர்ந்து, அதை மறக்கச் செய்யும் தெரிவை அழுத்தி, முதன்முறை இணைப்பதைப் போலப் புதிதாக இணைத்தால் இவ்வகைச் சிக்கல்களில் பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது. அப்படி இணைக்கும்போது, கடவுச்சொல்லைக் கண்ணுக்குத் தெரியும்படி காட்டும் கண் குறியை அழுத்திவிட்டே தட்டச்சு செய்ய வேண்டும். முதல் எழுத்தைக் கைபேசி தானாகவே பெரிய எழுத்தாக்கியிருக்கலாம். செய்தியொன்றிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது இறுதியில் ஓர் இடைவெளி கூடவே வந்திருக்கலாம். நேரான மேற்கோள் குறி வளைந்த மேற்கோள் குறியாக மாறியிருக்கலாம். ஆங்கில எழுத்து ஓவும் சுழியமும், சிறிய எல்லும் ஒன்று என்ற எண்ணும், ரவுட்டரின் அடிப்பக்கத்தில் ஒட்டப்பட்ட சிற்றெழுத்துச் சீட்டில் ஒன்றுபோலவே தெரியும்.

தமிழ் விசைப்பலகை பயன்படுத்துவோர் தனியாகக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. டபிள்யூபிஏ2 தரத்தின்படி கடவுச்சொல் 8 முதல் 63 வரையிலான ஆஸ்கி எழுத்துகளால், அதாவது ஆங்கில எழுத்துகள், எண்கள், வழக்கமான குறிகளால் அமைய வேண்டும். தமிழ் எழுத்துகள் அதில் அடங்கா. சில ரவுட்டர்கள் தமிழெழுத்தை எதிர்ப்பின்றி ஏற்றுக்கொண்டாலும், எல்லாக் கருவிகளும் அதை ஒரே மாதிரி கையாளும் என்று எதிர்பார்க்க முடியாது. வலையமைப்பின் பெயரைத் தமிழில் வைக்கலாம், ஆனால் அதற்கு 32 பைட் என்ற எல்லை உண்டு. யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் பிடிப்பதாலும், உயிர்மெய்யில் மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதாலும், கண்ணுக்குச் சிறியதாகத் தோன்றும் பெயர்கூட எல்லையைத் தாண்டிவிடும். தமிழ்ப் பெயரைக் காண எனக்கும் விருப்பம்தான். ஆனாலும் அச்சுப்பொறி போன்ற பழைய கருவிகளின் திரையில் அது சிதைந்து தெரியக்கூடும் என்பதால் ஆங்கில எழுத்துகளிலேயே வைத்திருக்கிறேன்.

நீண்டகாலப் பயன்பாட்டில் மிகுந்த உழைப்பைக் கேட்டது பாதுகாப்பு வகை தொடர்பான சிக்கல். டபிள்யூபிஏ2 2004ஆம் ஆண்டிலும், அதன் அடுத்த தலைமுறையான டபிள்யூபிஏ3 2018ஆம் ஆண்டிலும் அறிமுகமாயின. புதிய ரவுட்டர் ஒன்றில் டபிள்யூபிஏ3 மட்டும் என்ற அமைப்பைத் தேர்ந்தால், அதை அறியாத பழைய அச்சுப்பொறியும் தொலைக்காட்சியும் சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் இணைய முடியாது; அவற்றில் சிலவற்றுக்கு அந்தத் தோல்வியைக் கடவுச்சொல் பிழையாகக் காட்டுவதைத் தவிர வேறு வழி தெரியாது. இரண்டையும் ஏற்கும் கலப்பு அமைப்பு இதற்குப் பொதுவான தீர்வு. ஆனால் கலப்பு அமைப்பிலும் தடுமாறும் கருவிகள் உண்டு. அவற்றுக்காக முதன்மை வலையமைப்பின் பாதுகாப்பைத் தாழ்த்துவதைவிட, டபிள்யூபிஏ2 கொண்ட விருந்தினர் வலையமைப்பு ஒன்றைத் தனியே திறந்து, அவற்றை அதில் இணைப்பதே மேல் என்று கருதுகிறேன். விருந்தினர் வலையமைப்பில் உள்ள கருவிகளை மற்ற கருவிகளால் அணுக முடியாதபடி பல ரவுட்டர்கள் தடுக்கும் என்பதால், அச்சுப்பொறியை அங்கே வைக்கும்போது அந்தத் தடையையும் சரிபார்க்க வேண்டும். ஸ்மார்ட் பிளக் போன்றவை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இயங்குபவை; 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை அவற்றின் கண்ணுக்கே படாது.

கருவிகள் வலையமைப்பை அதன் பெயரை வைத்தே அடையாளம் காண்கின்றன என்பதால், அந்தப் பெயரை மாற்றியவுடன் கருவிகளுக்கு அது புதிய வலையமைப்பாகிவிடுகிறது; கடவுச்சொல் பழையதே என்றாலும் எல்லாவற்றையும் மீண்டும் இணைத்தாக வேண்டும். இதற்கு நேர்மாறான சிக்கல், வைஃபை அலையைத் தொலைவறைகளுக்கும் எட்டவைக்கும் அலைநீட்டிக் கருவியில் அதே பெயரை வைத்து வேறு கடவுச்சொல்லைக் கொடுத்திருப்பது. கைபேசி ஓர் அறையில் இணைந்து இன்னோர் அறையில் மறுத்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதையே.

ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண்ணான மேக் முகவரியைப் பார்த்து அனுமதிக்கும் வடிகட்டி ரவுட்டரில் இயங்கினால், கடவுச்சொல் எவ்வளவு சரியாக இருந்தாலும் பயனில்லை. 2019இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 10 முதலும், 2020இல் வெளிவந்த ஐஓஎஸ் 14 முதலும் கைபேசிகள் தம் உண்மையான மேக் முகவரியை மறைத்து, ஒவ்வொரு வலையமைப்புக்கும் ஒரு புனைமுகவரியைக் காட்டுகின்றன. அனுமதிப் பட்டியலில் இருப்பது உண்மையான முகவரி என்றால் கைபேசி வெளியே நிறுத்தப்படும். மேக் முகவரியை எளிதாகப் போலியாக்கலாம் என்பதால் இந்த வடிகட்டி தரும் பாதுகாப்பும் மிகக் குறைவு. வீட்டில் இதை அணைத்துவைப்பதே நல்லது.

குடும்பத்தினருக்குத் தொலைபேசியில் வழிகாட்டும்போது அடிக்கடி எழும் குழப்பம், கடவுச்சொற்கள் மூன்று இருப்பதுதான். வைஃபையில் இணைவதற்கு ஒன்று, 192.168.0.1 அல்லது 192.168.1.1 போன்ற முகவரியில் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறப்பதற்கு ஒன்று. இணையச் சேவை வழங்குநரின் கணக்குக்கு ஒன்று. எது கேட்கப்படுகிறது என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டால் பாதி நேரம் மிச்சமாகும். அதேபோல், "ஐபி முகவரி பெறப்படுகிறது" என்ற நிலையிலோ "இணைந்துள்ளது, இணையம் இல்லை" என்ற நிலையிலோ கருவி நின்றுவிட்டால், கடவுச்சொல் ஏற்கப்பட்டுவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகு அதை எத்தனை முறை மாற்றி எழுதினாலும் பலன் இராது. ரவுட்டரை ஒருமுறை அணைத்து இயக்குவதும், சேவை வழங்குநரின் இணைப்பைச் சோதிப்பதும்தான் செய்ய வேண்டியவை.

கடவுச்சொல்லுக்குப் பதிலாக ஒரு பின் (PIN) எண் வழியாக இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியைச் சிலர் மாற்றுவழியாகப் பரிந்துரைப்பதுண்டு. எட்டு இலக்க எண்ணை இரு பாதிகளாகப் பிரித்துச் சரிபார்ப்பதால், ஏறத்தாழ 11,000 முயற்சிகளிலேயே அதை உடைக்கலாம் என்பது 2011இன் இறுதியில் வெளியானது. அந்த வசதியை அணைத்துவிடுங்கள். எல்லாக் கருவிகளும் மறுக்கின்றன, கடவுச்சொல் எங்கும் எழுதிவைக்கப்படவில்லை என்ற நிலையில்கூட, ரீசெட் பொத்தானைத் தேடுவதற்கு முன், முன்பு இணைந்திருந்த ஏதேனும் ஒரு கைபேசியில் சேமித்த கடவுச்சொல்லைப் பார்த்துவிடலாம்: ஐஓஎஸ் 16 முதல் ஐபோன் அதைக் காட்டுகிறது, ஆண்ட்ராய்டு 10 முதல் கியூஆர் குறியீடாகப் பகிரலாம். ரீசெட் செய்தால் சேவை வழங்குநரின் பயனர்பெயர் உள்ளிட்ட அமைப்புகளும் அழிந்துவிடும் என்பதால், அவை கையில் இல்லாமல் அந்தப் பொத்தானை அழுத்தக் கூடாது.

ஒன்றோடொன்று தொடர்பற்ற சிறிய ஆங்கில எழுத்துச் சொற்கள் நான்கைந்தை அடுக்கி, எண்ணும் குறியும் கலக்காமல், இருபது எழுத்துக்கு மேல் நீளும் கடவுச்சொல்லையே இப்போது வைத்திருக்கிறேன். தொலைக்காட்சியின் ரிமோட்டில் எழுதுவதற்கும் அது எளிது. அரைப்புள்ளி, காற்புள்ளி, பின்சாய்வுக்கோடு போன்ற குறிகள் கியூஆர் குறியீட்டில் தனிப்பொருள் உடையவை. அவற்றை முறையாகக் குறிக்காத செயலியில் உருவாக்கிய குறியீடு சரியான கடவுச்சொல்லையும் தவறாகவே கைபேசிக்குக் கொடுக்கும். ரவுட்டரை மாற்றும்போது பழைய பெயர், பழைய கடவுச்சொல், பழைய பாதுகாப்பு வகை ஆகிய மூன்றையும் புதியதில் எழுத்து பிசகாமல் அமைத்துவிட்டால், ஏற்கெனவே சேமித்த கருவிகள் பெரும்பாலும் கேள்வியின்றி இணைந்துகொள்ளும். டபிள்யூபிஏ3க்கு மாறுவதை ஓரிரு வாரம் கழித்து, எல்லாம் இணைந்ததை உறுதிசெய்த பிறகு, தனியாகச் செய்வதே நல்லது; அப்போது ஏதேனும் ஒரு கருவி மறுத்தால், காரணம் எது என்று தேட வேண்டியிராது.