கட்டுரைக்கு ஃபீட்பேக் வாங்குறது: ரொம்ப நாள் யூஸ் பண்ணிப் பார்த்த அனுபவம்

தகவல் கட்டுரை எழுத ஆரம்பிக்கிற எல்லாருக்கும் வர்ற சந்தேகம், "எழுதிட்டேன், இப்ப யார்கிட்ட காட்டுறது?" சில வருஷமா நண்பர்கள், சப்ஜெக்ட் தெரிஞ்சவங்க, ஏஐ சாட்பாட், பிழைதிருத்தின்னு எல்லாத்தையும் மாத்தி மாத்தி யூஸ் பண்ணியாச்சு. ஆரம்பத்துல பிடிச்சது வேற, இப்பவும் விடாம வச்சிருக்கிறது வேற. கதை, கவிதை எழுதுறவங்க கணக்கு தனி, இது ஒரு விஷயத்தை விளக்கி எழுதுறவங்களுக்கு மட்டும்.

மொதல்ல நண்பர்கள். அனுப்பின ரெண்டு நிமிஷத்துல "சூப்பர் மச்சி"ன்னு வரும், அதுக்குள்ள பாதிகூட படிச்சிருக்க முடியாது. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாதுங்க, "எப்படி இருக்கு?"ன்னு கேட்டா வேற என்னதான் சொல்லுவாங்க. கேள்வியை மாத்தினதும் அதே ஆளுங்ககிட்ட இருந்தே உருப்படியா பதில் வர ஆரம்பிச்சுது. எந்த வரியில நின்னு திரும்பப் படிச்ச? எங்க அப்படியே ஸ்க்ரோல் பண்ணித் தாண்டின? படிச்சு முடிச்சதும் கட்டுரையைப் பார்க்காம அதை எனக்கு ஒரு வாய்ஸ் நோட்ல விளக்கு. இந்த மூணாவது இருக்கே, அதுக்கு ஈடு எதுவும் இல்ல. கருத்து சொல்ல யாருக்கும் தகுதி வேணும்னு தோணும், ஆனா தான் எங்க முட்டி நின்னோம்னு சொல்ல தகுதியே தேவையில்ல பாருங்க, அதனால தயங்காம சொல்லுவாங்க.

ஒரு உதாரணம். இடி மின்னல் பத்தி ஒரு கட்டுரை, அதுல "மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல இருக்கிற நேரத்தை மூணால வகுத்தா தூரம் கிடைக்கும்"னு ஒரு வரி. எனக்கு கண்ணாடி மாதிரி தெளிவா இருந்த வரி அது. வாய்ஸ் நோட்ல நண்பர் அந்த இடத்துக்கு வந்ததும் இழுக்கிறார், "ஏதோ மூணால வகுக்கணுமாம்... நிமிஷமா செகண்டா தெரியல... வர்றது கிலோமீட்டரா?" அதோட "ஏன் மூணு, ஏன் அஞ்சு இல்ல?"ன்னு ஒரு கேள்வி வேற. சத்தம் காத்துல செகண்டுக்கு சுமார் 340 மீட்டர் போகும், அப்போ 3 செகண்டுக்கு ஏறக்குறைய 1 கிலோமீட்டர், மின்னல் வெளிச்சம் கண்ணுக்கு வர்ற நேரத்தை கணக்குலயே எடுக்க வேண்டாம். இந்த ரெண்டு வரி சேர்ந்ததும் அந்தப் பத்தியே வேற மாதிரி ஆகிடுச்சு. "நல்லா இருக்கு"ன்னு நூறு பேர் சொன்னாலும் இது கிடைச்சிருக்காது.

எழுதுறவங்களுக்கே இது ஏன் கண்ணுல படாதுன்னா, 1990ல எலிசபெத் நியூட்டன்னு ஒருத்தங்க ஸ்டான்ஃபோர்ட்ல ஒரு சோதனை பண்ணாங்க. எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டோட தாளத்தை ஒருத்தர் மேஜையில விரலால தட்டணும், எதிர்ல இருக்கிறவர் பாட்டைக் கண்டுபிடிக்கணும். தட்டினவங்க பாதிப் பாட்டையாவது கண்டுபிடிச்சிடுவாங்கன்னு நெனச்சாங்க, ஆனா 120 பாட்டுல 3தான் சரியா வந்துச்சு. தட்டுறவர் மண்டைக்குள்ள முழுப் பாட்டும் ஓடுது, எதிர்ல இருக்கிறவருக்கு டக் டக் சத்தம் மட்டும்தான். விஷயம் தெரிஞ்சு எழுதுற எல்லாரோட நெலமையும் இதுதான்.

அடுத்து சப்ஜெக்ட் தெரிஞ்சவங்க. உண்மைத் தப்பைப் பிடிக்க இவங்களை விட்டா ஆள் கிடையாது. அதே கட்டுரையை இயற்பியல் படிச்ச ஒருத்தர்கிட்ட கொடுத்தப்போ, மேகம் மோதி இடி வருதுங்கிற மாதிரி அர்த்தம் தர்ற ஒரு வார்த்தையை உடனே வெட்டச் சொன்னார். மின்னல் போற பாதையில காத்து சுமார் 30,000 டிகிரி செல்சியஸ் வரைக்கும் சட்டுனு சூடாகி, வெடிக்கிற வேகத்துல விரியுது, அந்த அதிர்வுதான் இடி. இது வரைக்கும் தங்கமான ஃபீட்பேக். ஆனா இவங்க அங்க நிறுத்த மாட்டாங்க. வெப்பநிலை 1 டிகிரி ஏறினா சத்தத்தோட வேகம் செகண்டுக்கு 0.6 மீட்டர் கூடும், அதையும் சேரு, காத்து அடுக்குல சத்தம் வளையும், அதையும் சேருன்னு போய்க்கிட்டே இருக்கும். எல்லாத்தையும் சேர்த்தா கட்டுரை அவருக்கு மட்டும்தான் பிடிக்கும். அதனால இவங்ககிட்ட "இதுல தப்பு எது?"ன்னு மட்டும் கேளுங்க, "வேற என்ன சேர்க்கலாம்?"னு மட்டும் கேட்டுடாதீங்க.

ஏஐ சாட்பாட் வந்தப்போ இனி ஆளே தேவையில்லன்னுதான் தோணுச்சு. ராத்திரி எந்நேரமும் ரெடி, சலிச்சுக்காது. நாள் போகப் போக தெரிஞ்சது, "என் கட்டுரை எப்படி?"ன்னா புகழும், "குறை சொல்லு"ன்னா இல்லாத குறையையும் சேர்த்து லிஸ்ட் போடும். அதைவிடப் பெரிய சிக்கல், அதுக்கு விஷயம் ஏற்கனவே தெரியும். கட்டுரையில விட்டுப்போனதை அதுவே நிரப்பிக்கிட்டுப் போயிடுது, அந்த "மூணால வகுத்தா" வரியில அது முட்டவே முட்டாது. ஒண்ணுமே தெரியாத வாசகரா நடின்னு சொன்னா நடிக்கும், அதுவும் நடிப்பு மாதிரியேதான் இருக்கும். நான் இப்ப அதுகிட்ட கொடுக்கிற வேலை ஒண்ணுதான், "இதுல ஆதாரம் காட்ட வேண்டிய வாக்கியங்களை எல்லாம் தனியா எடுத்துக் கொடு." அதுல பிரமாதம். சரியா தப்பான்னு மட்டும் அதையே கேக்குறதில்ல, அதை மூலத்துல போய்த்தான் பார்க்கணும்.

இந்த ஆதாரப் பழக்கம் வரணும்னா விக்கிப்பீடியாவுல கொஞ்ச நாள் எழுதிப் பாருங்க. முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர் வந்து வாக்கியம் முடியுற இடத்துல "மேற்கோள் தேவை"ன்னு ஒட்டிட்டுப் போயிடுவார், அவ்வளவுதான். மொத தடவை கோவம் வரும். நடையைப் பத்தியெல்லாம் அங்க பெருசா எதிர்பார்க்காதீங்க.

பிழைதிருத்தின்னா இணையத்துல இருக்கிற ரெண்டு தமிழ்க் கருவி போதும், சந்திப்பிழைக்கு நாவி, எழுத்துப்பிழைக்கு வாணி. அப்புறம் கட்டுரையைப் போனையே சத்தமா படிக்க வச்சு கேளுங்க, நீளமான வாக்கியம் காதுல உடனே உறுத்தும். (இந்தப் பதிவை அப்படிக் கேக்கல, கேட்டா பாதியை வெட்ட வேண்டியிருக்கும்.)

கூகுள் டாக்ஸ்ல கொடுக்கிறதா இருந்தா கமெண்ட் போடுற அனுமதி மட்டும் கொடுத்து, "மாத்தி எழுதாதீங்க, கமெண்டா சொல்லுங்க"ன்னும் சொல்லிடுங்க. இல்லன்னா சஜஷன் மோட்ல (திருத்தத்தை நாம ஏத்துக்கிற மாதிரி பரிந்துரையா போடுற முறை) அவங்க பாணியிலயே மாத்தி எழுதிடுவாங்க, நாமளும் வரிசையா டிக் அடிச்சுட்டுப் போயிடுவோம், ஏன் மாத்தினாங்கன்னே தெரியாது.

இன்னொண்ணு, இது ரொம்ப நாள் ஆனப்புறம்தான் தெரியும். நல்ல வாசகர் தேய்ஞ்சு போவார். நம்ம கட்டுரையை நிறைய படிச்சவர் நம்ம நடைக்குப் பழகிடுறார், முட்டுற இடம் குறைஞ்சுகிட்டே வரும், நாம தேறிட்டோம்னு தோணும், புதுசா ஒருத்தர் படிச்சா மூணாவது வரியிலயே நிப்பார். அதனால இப்பல்லாம் புதுசா எழுத வர்றவங்களோட ஒரு ஒப்பந்தம், அவங்க கட்டுரைக்கு நான் வாய்ஸ் நோட், என் கட்டுரைக்கு அவங்க. ஒரே ஆள்கிட்ட அடுத்தடுத்து ரெண்டு கட்டுரை கொடுக்கிறதில்ல. பழைய நண்பர்களை சப்ஜெக்ட் சுத்தமா புதுசா இருக்கும்போது மட்டும்தான் கூப்பிடுறது.