மணவாளக்குறிச்சி மணலை எந்தக் கருவியால் அளப்பது?

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கதிரியக்கத்தை எண்ணிக் காட்டும் கெய்கர் கருவியை நீட்டினால் எண்ணிக்கை விறுவிறுவென்று ஏறும். காரணம், மணலிலுள்ள மோனசைட் என்ற கனிமம், அதற்குள் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம். திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டிவந்த மணலை வைத்து 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலர் கண்டுபிடித்த சங்கதி இது.

ஆனால் ஏறிய எண் மண்ணின் தோரியமா, அணுப்பிளவில் மனிதன் உண்டாக்கிய சீசியமா என்று கெய்கர் சொல்லாது. எந்தக் காமா கதிர் பட்டாலும் அதற்கு ஒரே துடிப்புதான். விலை குறைவு, கைக்கு அடக்கம். கரையோரம் நடந்து, எங்கே அதிகம் என்று குறித்துவரப் போதும். மழை பெய்தாலும் எண் கூடும். காற்றிலுள்ள ரேடான் என்ற கதிரியக்க வாயு சிதைந்து உண்டான ஈயமும் பிஸ்மத்தும் மழையோடு தரைக்கு இறங்கும்; சில மணி நேரத்தில் தணிந்துவிடும். இதை அறியாமல் கெய்கர் எண்ணைப் படமெடுத்துப் பரப்பி ஊரைப் பயமுறுத்துவது பெரும் தவறு.

சோடியம் அயோடைடு படிகம் ஒரு படி மேல். கதிரின் ஆற்றலுக்கேற்ப அதில் ஒளி மின்னுவதால் எந்த ஆற்றலில் எத்தனை கதிர் என்று காட்டும் நிறமாலையே கிடைக்கிறது. 1461 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் (இது கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு) முகடு தெரிந்தால் பொட்டாசியம்-40, 2615-இல் தெரிந்தால் தோரியக் குடும்பம், 662-இல் தெரிந்தால் சீசியம்-137. களத்துக்கு நான் எடுத்துச் செல்வது இதைத்தான். வெயிலில் முகடுகள் இடம் நகரும். பொட்டாசியம் முகட்டை வைத்துச் சரிசெய்துகொள்ளலாம். சரிசெய்ய முடியாத குறை வேறு: 662-இல் அதன் முகடு சுமார் 45 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அகலம். தோரியக் குடும்பத்தின் 583-உம் பிஸ்மத்-214-இன் 609-உம் பக்கத்திலேயே நிற்பதால், இந்த மணலில் சொற்ப சீசியம் இருந்தால் அவற்றுக்குள் மூழ்கிவிடும்.

ஜெர்மானியம் உணர்வியில் அதே முகடுகள் ஊசி ஊசியாகத் தனித்து நிற்கும்; அகலம் இரண்டு கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குள். பழைய வகைக்கு மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், விலையும் அதிகம். அதனால் பெரும்பாலும் மணலை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து, ரேடான் கசியாமல் ஏறக்குறைய ஒரு மாதம் மூடிவைத்து, பிறகு மணிக்கணக்கில் எண்ணுகிறார்கள்.

அங்கே குடியிருப்பவர் ஓராண்டில் வெளியிலிருந்து வாங்கும் மொத்தக் கதிரளவு எவ்வளவு என்பதுதான் கேள்வியென்றால் பட்ட கதிரைத் தனக்குள் சேர்த்துவைக்கும் டி.எல்.டி. வில்லையை மூன்று மாதத்துக்கு ஒன்றாக வீட்டருகே தொங்கவிடுவதே மேல். சூடாக்கினால் தேங்கிய கதிரளவு ஒளியாக வெளிப்படும். எந்த மூலத்திலிருந்து வந்தது என்பதை மட்டும் அது காட்டாது. ஆகவே இந்தக் கரையில் சீசியம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது ஜெர்மானியத்தில் எடுத்த நிறமாலையை.